தூங்குகிற பெருமாளும் ஏழு நாள் பேக்கேஜும்

ஸ்ரீரங்கத்தில் இப்போது யோக நித்திரை விலைக்குக் கிடைக்கிறது. ஏழு நாள் பேக்கேஜ். காலையில் ஆசனம், பிறகு ஆயுர்வேத எண்ணெய் மசாஜ், மத்தியானம் சாத்விக உணவு, சாயங்காலம் கொள்ளிடக் கரையில் 'பண்டைய இந்து ஞானம்' பற்றி ஒரு மணி நேரம், ராத்திரி படுக்கப் போகும் முன் யோக நித்திரை. நடுவில் ஒருநாள் ரங்கநாதர் தரிசனமும் மலைக்கோட்டையும். விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி என் போனுக்கும் வந்தது. அனுப்பிய நண்பர் கீழே 'போலாமா?' என்று கேட்டு ஒரு கும்பிடு போட்டிருந்தார். நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு கடையோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ரிஷிகேஷில், கோவாவில், கோவளத்தில், பாலியில் எல்லாம் இதே அட்டவணைதான். பின்னணிப் படம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இங்கே ராஜகோபுரம்.

என் சண்டை அந்தப் பின்னணிப் படத்தோடுதான்.

'நல்ல மசாஜ், எளிய சாப்பாடு, ஏழு நாள் போன் கிடையாது' என்று மட்டும் சொல்லி விற்றால் நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து முதுகைத் தொலைத்தவர்களுக்கு அது வேண்டியதுதான். உடம்பைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். அதற்குத் தத்துவம் தேவையில்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு 'இந்த மண்ணின் ஞானம்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயருக்காகவே விலையைக் கூட்டும்போது, இந்த மண்ணில் அப்படி என்னதான் இருந்தது என்று திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தால், அவர்கள் விற்பதற்கு ஏறக்குறைய நேரெதிரான ஒன்று இருக்கிறது.

யோக நித்திரையிலிருந்தே ஆரம்பிப்போம். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஒரு குரல் சொல்லச் சொல்ல வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று உடம்பின் ஒவ்வொரு பாகமாகக் கவனத்தை நகர்த்தும் பயிற்சி இது. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் இந்த வடிவத்தைப் பரப்பியவர் பிகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்தியானந்த சரஸ்வதி. 1960களிலும் 70களிலும் பரவிய முறை. தாந்திரிக நியாசத்திலிருந்து எடுத்தது என்று அவர் சொன்னார். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேகப்ஸன் 1929இல் புத்தகமாக வெளியிட்ட தசைத் தளர்வு முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும், அதனால் பயிற்சி மட்டமாகிவிடாது. தூக்கம் வராதவருக்குத் தூக்கம் வந்தால் சந்தோஷம்.

ஆனால் ஸ்ரீரங்கத்தில் வந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கம் வேண்டாமா? இந்த ஊரே ஒரு யோக நித்திரையைச் சுற்றி ஏழு பிராகாரமாகக் கட்டிய ஊர். தமிழில் அதற்கு அறிதுயில் என்று அழகான பெயர் உண்டு. வைணவ ஆசாரியர்கள் அந்தத் தூக்கத்தை ஓய்வு என்று வாசிக்கவில்லை. அது பொய்த் தூக்கம். கண்ணை மூடிக்கொண்டு, இந்த உலகத்தை எப்படிக் கரையேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறவனின் படுக்கை. அதாவது அடுத்தவர் கவலை. அதை எடுத்து 'உங்கள் ஸ்ட்ரெஸ்ஸை விடுங்கள்' என்று திருப்பிப்போட்டிருக்கிறார்கள். பெருமாள் தன்னுடைய ஸ்ட்ரெஸ்ஸுக்காகவா அங்கே படுத்திருக்கிறார்?

அடுத்து ஆசனம். இன்றைக்கு உலகத்தில் விரிக்கப்படும் யோகா பாய்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் ஒரே மனிதரிடம் போய்ச் சேரும்: திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் பிறந்தவர். 1930களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி எல்லாரும் அவருடைய மாணவர்கள். ஆசாரமான வைணவர். தன் வம்சத்தை நாதமுனிகளோடு இணைத்துக்கொண்டவர். பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரியில் ஒரு தரிசனத்தில், தொலைந்துபோன யோக ரகசியத்தை நாதமுனிகளே தனக்குச் சொன்னதாக அவர் கூறினார். பழைய சுவடி எதுவும் கிடையாது. காதால் கேட்டது, அவ்வளவுதான். நம்புகிறவர் நம்பலாம். எனக்குச் சுவாரஸ்யம் வேறு இடத்தில். அந்த ரகசியம் எப்படித் தொலைந்தது என்பதற்கு ஸ்ரீரங்கத்துச் சம்பிரதாயத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

நாதமுனிகள் தம் யோக ரகசியத்தைக் குருகைக் காவலப்பன் என்ற சீடரிடம் கொடுத்துவைக்கிறார், தம் பேரன் ஆளவந்தாரிடம் சேர்க்கச் சொல்லி. ஆளவந்தார் வளர்ந்து, ஸ்ரீரங்கத்தில் ஆசாரியராக உட்கார்ந்து, ஒருநாள் காவலப்பனைப் போய்ப் பார்க்கிறார். அவர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அன்றைக்கு வா என்கிறார். அது தம் கடைசி நாள் என்று அவருக்குத் தெரியும். இந்த நடுவில் ஸ்ரீரங்கம் கோயிலில் அரையர் திருவனந்தபுரத்துப் பாசுரம் பாடுகிறார். ஆளவந்தாருக்கு மனசு நிற்கவில்லை, அப்படியே திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் குறித்த நாள் நினைவுக்கு வருகிறது. அது அன்றைக்கே. யோகம் போச்சு.

நான் குருபரம்பரைக் கதைகளை வரலாறாக வாசிப்பவன் இல்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே என்ன கதை சொல்லிக்கொள்கிறது என்பது முக்கியம். இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில், ஒரு பாட்டுக்காக யோகம் தவறிப்போகிறது. யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த ராமானுஜரும் அவர் வழியினரும் கட்டியது சரணாகதியின் மேல். மூச்சை அடக்க முடியாதவன், சாஸ்திரம் படிக்காதவன், உடம்பு வளையாதவன் எல்லாரும் பிழைக்க வழி என்ன என்ற கேள்வியின் மேல். திருவரங்கத்தை யோகத் தலைநகராக விற்பவர்கள், இந்த ஊர் நாலாயிரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யோகத்தை விட்ட கதையை மட்டும் சுற்றுலாக் கையேட்டில் போடுவதில்லை.

மருத்துவத்துக்கு வருவோம். உண்மையான விவகாரம் அங்கேதான் இருக்கிறது.

பேக்கேஜில் 'பஞ்சகர்மா' என்று ஒரு வரி. பஞ்சகர்மா என்றால் வாந்தி எடுக்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது, ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது, மூக்கில் மருந்து விடுவது. ஐந்தாவதாகச் சிலர் இரத்தம் வெளியேற்றுவதைச் சொல்வார்கள். நோயாளியின் பலம் பார்த்து, பருவம் பார்த்து, வைத்தியர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய கடுமையான காரியம். எண்ணெய் தேய்ப்பதும் வேது பிடிப்பதும் அதற்கு முன்தயாரிப்பு. விடுதிக்காரர்கள் கஷ்டமான ஐந்தையும் ஓரங்கட்டிவிட்டு முன்தயாரிப்பை மட்டும் விற்கிறார்கள். நியாயம்தான், காசு கொடுத்து வாந்தி எடுக்க யார் வருவார்கள்?

சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் பதினைந்தாம் அத்தியாயத்தை இந்த விளம்பரத்தோடு சேர்த்து வைத்துப் படிக்கச் சொல்வேன். அந்த அத்தியாயம் ஏறக்குறைய ஒரு ரிட்ரீட்டுக்கான திட்ட வரைவு. காற்றோட்டமான, புகையும் தூசும் வராத வீடு. சமையலறை, கழிப்பறை, குளிக்கும் இடம். பணிவான பணியாளர்கள், பாடுகிறவர்கள், கதை சொல்கிறவர்கள். சாமான் பட்டியலில் காடை, கௌதாரி, முயல், மான், செம்மறியாடு எல்லாம் வருகிறது. விதவிதமான மதுவும் வருகிறது. 'சாத்விக உணவு' எழுதிய தோழருக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. சரகர் சமையலறைக்கும் வெங்காயம் பூண்டு சேர்க்காத இவர்கள் சமையலறைக்கும் சம்பந்தமில்லை. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. எனக்கும் முயலில் ஆசை கிடையாது. 'ஐயாயிரம் வருட மாறாத மரபு' என்ற வரியைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு ஆடம்பரத்தையும் அரசர்களுக்கும் பணக்காரர்களுக்கும் பட்டியல் போட்ட பிறகு, அதே அத்தியாயத்தில் சரகர் நின்று திரும்பிப் பார்க்கிறார். ஏழைக்கு நோய் வந்தால் இந்தச் சாமான் எதுவும் இல்லாமலேயே மருந்தைச் சாப்பிடட்டும், எல்லா மனிதரிடமும் எல்லா வசதியும் இருக்காது, கொடிய நோய் ஏழையை விட்டுவைப்பதும் இல்லை என்கிறார். அந்தத் திரும்பிப் பார்த்தல் இந்த பேக்கேஜில் எங்கே?

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சன்னதி இருக்கிறது. பெரிய பெருமாளைப் பார்க்கும் அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தச் சன்னதிக்குப் பின்னால் இருப்பது ஓர் ஆஸ்பத்திரியின் கதை. 13ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹொய்சளர் ஆட்சியில், கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. கருடவாகன பண்டிதர் என்ற வைத்தியரின் பொறுப்பில், அதற்கென்று நிலம் விட்டு. பிறகு படையெடுப்பில் அது அழிந்தது. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதே வழியில் வந்த கருடவாகன பட்டர் சாலையைப் புதுப்பித்து, அதில் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. இடையில் இருநூறு வருஷத்துக்கு மேல். கோபுரத்தை மறுபடி கட்டுவது சரி, மருந்தகத்தையும் மறுபடி கட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

பெருமாளுக்கே உடம்பு சரியில்லாமல் போன கதையும் இங்கே உண்டு. ஒருநாள் ராமானுஜர் திருமுகம் வாடியிருப்பதைப் பார்த்து என்னவென்று விசாரிக்கிறார். தயிர்சாதத்தோடு நாவல்பழம் அமுதுசெய்துவிட்டார்களாம். உடனே கஷாயத்துக்கு ஏற்பாடு. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. சாமிக்கும் உடம்பு முடியாமல் போகலாம், முடியாமல் போனால் ஞானோபதேசம் செய்யாமல் கஷாயம் கொடு என்கிற நிதானம் அதில் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்துச் சாலையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்பதற்கு விவரம் இல்லை. ஆனால் ஒரு கோயில் மருத்துவமனை எப்படி நடந்தது என்பதற்குக் காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் கணக்கே இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு, வீரராசேந்திரன் காலம். வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். ஆதுலர் சாலையின் பெயர் வீரசோழன். பதினைந்து படுக்கை. வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை வைத்தியருக்கு, 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் பெண்கள், ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்று எழுதியிருக்கிறது. படுத்திருக்கிற நோயாளிகளுக்கு அரிசி எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. கையிருப்பில் வைத்திருக்க வேண்டிய இருபது மருந்துகளின் பெயர் இருக்கிறது. படித்தால் பக்திப் பரவசம் வராது. முனிசிபல் ஆபீஸ் ரெக்கார்டு மாதிரி இருக்கும்.

நான் பண்டைய ஞானம் என்று நினைப்பது அந்த ரெக்கார்டைத்தான். நோயாளி காசு கொடுக்கவில்லை. ஊரும் கோயிலும் கொடுத்தன. மருத்துவம் என்பது இன்னொருவர் செலவில் நடக்க வேண்டிய காரியம் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். இந்த விடுதி அதே கோபுரத்தைக் காட்டி, நோயில்லாதவர்களை அழைத்து, அவர்களிடமே காசு வாங்கி, வேலை செய்கிறவருக்கு என்ன கூலி என்பதை மட்டும் மறைத்து நடத்துகிறது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் கையைத் தூக்குவார், தூக்கட்டும். 'அந்தச் சாலையில் எல்லாரையும் சேர்த்தார்களா?' இல்லை. திருமுக்கூடல் சாலை கோயில் பணியாளர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும்தான். கோயிலுக்குள்ளேயே நுழைய முடியாதவர்களுக்குக் கோயில் ஆஸ்பத்திரி எப்படிக் கிடைக்கும்? சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கான சட்டங்கள் 1939லும் 1947லும்தான் வந்தன. சோழர் காலத்தில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் இருந்தது என்று மீம் போடுகிறவர்களோடு நான் சேரவில்லை. அந்தச் சாலையின் கதவு குறுகலாக இருந்தது. அதை அகலப்படுத்தும் வேலையைப் பின்னால் சண்டை போட்டுத்தான் செய்தோம், இன்று அரசு மருத்துவமனை வாசலில் சாதி கேட்காமல் சீட்டு கொடுக்கிறார்களே, அது அப்படி வந்ததுதான். ரிட்ரீட் அந்தக் குறுகிய கதவை அகலப்படுத்தவில்லை. பணத்தால் ஆன புதுக் கதவு போட்டிருக்கிறது.

இன்னொரு நண்பர், 'ஆயுர்வேதம் வேண்டாம், நம்ம சித்த மருத்துவத்தை வைத்து ரிட்ரீட் நடத்தணும்' என்பார். போர்டை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார். அகத்தியர் படம் போட்ட அறையிலும் கட்டணம் அதே கட்டணமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் வெறும் வார்த்தைச் சண்டை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். என் பெரியப்பா ஒருவர், இருபது வருஷ சர்க்கரை நோயாளி, இந்த மாதிரி ஓர் இடத்துக்குப் பத்து நாள் போனார். எங்கே என்பது இப்போது முக்கியமில்லை. திரும்பி வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. மாத்திரை டப்பா போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. 'அங்க கெமிக்கல் எதுவும் கூடாதுன்னாங்கடா. உடம்பு தானா சரி பண்ணிக்குமாம்' என்றார். வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருந்தார். காலில் வந்த புண்ணுக்கு அரசு மருத்துவமனையில்தான் படுத்தார். இரண்டு விரல் போயிற்று. அந்த வார்டில் அவருக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் திட்டிக்கொண்டே மாற்றினார், 'தாத்தா, மாத்திரைய நிறுத்துனா சொல்லிட்டு நிறுத்தணும்ல?' என்று. அவர் கையில் இருந்த பொறுமைக்கு யாரும் ஆன்மிகம் என்று பெயர் வைக்கவில்லை.

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது இந்த நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. அட்டவணை போட்டு நோய்களின் பெயரைச் சொல்கிறது. 2024இல் பதஞ்சலி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் நின்று, தவறான விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் பொது மன்னிப்பு வெளியிட வேண்டிவந்தது. ரிட்ரீட்டுகள் அவ்வளவு முரட்டுத்தனமாக எழுதுவதில்லை. 'குணப்படுத்தும்' என்று போடாமல் 'சமநிலைக்குக் கொண்டுவரும்' என்று போடுவார்கள். 'மருந்தை நிறுத்துங்கள்' என்று எழுத்தில் இருக்காது, சாயங்கால சத்சங்கத்தில் வாயால் வரும். கெட்டிக்காரத்தனம். இதில் உண்மையான ஆயுர்வேத வைத்தியர்களுக்கும் அநியாயம் நடக்கிறது. ஐந்தரை வருஷம் பி.ஏ.எம்.எஸ். படித்தவர், அலோபதி மருந்தை நிறுத்தாதே என்று சொல்லத் தெரிந்தவர், இங்கே வெள்ளை வேட்டி கட்டிய வரவேற்பாளராக நிற்கிறார்.

அப்படியானால் ஊரைவிட்டு ஒதுங்கி நாலு நாள் உட்காருவதே தப்பா என்று கேட்கலாம். இல்லை. திருச்சிக்காரர்களுக்கு அதுவும் புதிதல்ல. காவிரிக் கரையில் திருப்பராய்த்துறையில் 1942இல் சுவாமி சித்பவானந்தர் தபோவனம் ஆரம்பித்தார். அந்தர்யோகம் என்று ஒருநாள் முகாம் நடத்தினார். பலபேர் காலையில் வந்து, உட்கார்ந்து, படித்து, கேட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். எண்ணெய் இல்லை, மசாஜ் இல்லை. பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அங்கே போனவரிடம் ஏதோ ஒன்று கேட்கப்பட்டது: கட்டுப்பாடு, படிப்பு, ஊருக்கு ஒரு வேலை.

இன்னும் மேற்கே போனால் குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம். 1950இல் மோன்ஷனன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். காவி கட்டினார்கள், உபநிடதம் படித்தார்கள். 1968இல் இங்கிலாந்துக்காரர் பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்று, 1993இல் செத்து அங்கேயே அடக்கமானார். மதமாற்றத்துக்கான வேஷம் என்று இந்துத் தரப்பிலிருந்து திட்டினார்கள், மதம் கெட்டுப்போச்சு என்று கிறித்தவத் தரப்பிலிருந்தும் திட்டினார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்தார் அந்த மனிதர். இந்து ஞானத்தைத் தேடி வந்த வெள்ளைக்காரர் என்றால் எனக்கு அந்தப் பிடிவாதம்தான் நினைவுக்கு வருகிறது. ஏழாவது நாள் ஏர்போர்ட் கார் ஏறிவிட்டால் அந்தச் சண்டை எதுவும் தேவைப்படாது. யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், நீங்களும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

நண்பருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. விடுதிக்காரர்களுக்கு ஒரு யோசனை மட்டும் இருக்கிறது. பழைய மரபு என்றுதானே சொல்கிறீர்கள், அந்த மரபுப்படியே செய்யுங்கள். திருமுக்கூடலில் போட்டது போல வாசலில் ஒரு கல் நடுங்கள். எண்ணெய் தேய்க்கும் பெண்ணுக்கு மாசம் எவ்வளவு, சமையல்காரருக்கு எவ்வளவு, வைத்தியருக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை படுக்கை, அதில் காசில்லாத நோயாளிக்கு எத்தனை என்று வெட்டி வையுங்கள். நம்பர் 1 பஸ்ஸில் இறங்கி வந்து நானே படித்துப் பார்க்கிறேன்.